இடப்பக்க வைப்பரை மறந்துவிடாதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணே. மியன்மாரின் பகோ நகரில் சின்னதாக ஒரு மளிகைக்கடை வைத்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து வந்த பழைய ஹோண்டா ஃபிட் ஓட்டுகிறேன், வலது ஸ்டியரிங். விடியுமுன் கிளம்பி யாங்கோன் போய்ச் சரக்கு ஏற்றிக்கொண்டு, இருட்டிய பிறகுதான் ஊர் திரும்புவேன். வண்டி வாங்கியபோது வைப்பர் முழுக்க ரப்பர் உறை போர்த்தி, கனமாக இருந்தது. அது சரியாகத் துடைக்கவில்லை என்று மாற்றினேன். புதிதாகப் போட்டதும் சரியில்லை. ஒரு கடையில் தட்டை பிளேடு போடு என்கிறார்கள். இன்னொரு கடையில் சிலிகான் என்கிறார்கள். மூன்றாவது கடையில், டிரைவர் பக்கம் நல்லதாகப் போட்டுவிட்டு அந்தப் பக்கம் எதையாவது மாட்டிக்கொள் என்கிறார்கள். ராத்திரியில் எதிரே வெளிச்சம் அடித்தால் கண்ணாடி முழுக்க மங்கிவிடுகிறது. எதை வாங்குவது, எப்படிப் பார்த்து வாங்குவது?

பதில்: தம்பி, மூன்றாவது கடைக்காரர் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்ட யோசனைகளில் அதுதான் ஆபத்தானது. டிரைவர் பக்கம் நன்றாக இருந்தால் போதும் என்பதை ஜப்பானில் ஓட்டுகிறவர் சொன்னால் ஓரளவு ஒத்துக்கொள்ளலாம். நம் ஊரில் அது செல்லாது.

1970 டிசம்பரில் நம் நாடு சாலையின் வலப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் அதற்கப்புறமும் ஜப்பானிலிருந்து வலது ஸ்டியரிங் வண்டிகள்தான் வந்துகொண்டே இருந்தன. சில வருடங்களாக இறக்குமதி விதிகள் மாறி இடது ஸ்டியரிங் வண்டிகள் கூடியிருக்கின்றன. என்றாலும் உங்கள் ஃபிட் மாதிரி வண்டிகள்தான் இன்னும் தெருவெல்லாம் ஓடுகின்றன. அதாவது நீங்கள் நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறீர்கள். எதிரே வருகிற வண்டி, முன்னால் போகும் லாரிக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்பது, பகோ ரோட்டில் நடுக்கோட்டை ஒட்டி வருகிற மோட்டார் சைக்கிள், இடப்பக்கம் திரும்பும்போது குறுக்கே வருகிற ஆள், எல்லாமே கண்ணாடியின் இடது பாதி வழியாகத்தான் உங்களுக்குத் தெரியும்.

அந்த வண்டியை வடிவமைத்தவர்கள் இதை மனதில் வைத்துச் செய்யவில்லை. வலது ஸ்டியரிங் வண்டியில் நீளமான பிளேடு டிரைவர் பக்கம் இருக்கும். அது மேலே ஏறும்போது முன் கண்ணாடியின் வலது ஓரத்துத் தூணுக்கு மிக அருகே வரை போகும். உங்கள் முகத்துக்கு நேரே உள்ள இடம் சுத்தமாகிவிடும். இடப்பக்கம் மாட்டியிருப்பது குட்டை பிளேடு. ஃபிட்டில் அது பெரியதில் ஏறக்குறைய பாதி நீளம்தான். அது துடைத்த பிறகும் இடது மேல் மூலையில் முக்கோணமாக ஒரு துண்டு துடைபடாமல் நிற்கும். ஒரு மழை நாளில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இதைக் கவனியுங்கள். துடைபடாத இடம் ஏற்கெனவே அங்கே இருக்கிறது. துடைபடுகிற கொஞ்ச இடத்தையும் மட்டமான ரப்பரால் கோடு கோடாக விட்டால், லாரியை முந்த வெளியே எட்டுகிற நேரத்தில் பாதி குருடாகத்தான் எட்டுகிறீர்கள். அதனால் இரண்டையும் ஒரே நாளில் மாற்றுங்கள், இரண்டும் ஒரே தரத்தில் இருக்கட்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால், எது அதிகம் தேய்ந்திருக்கிறதோ அதை இன்றைக்கு மாற்றி, மற்றதை அடுத்த வாரம் மாற்றுங்கள். டிரைவர் பக்கம் என்பதற்காக அதற்கு முதலிடம் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது அந்த ரப்பர் உறை போர்த்திய வைப்பர். நீங்கள் எழுதியதைப் படித்ததும் புரிந்துவிட்டது. அது பனிக்காலத்து பிளேடு. ஜப்பானில் ஹொக்கைடோ மாதிரி பனி கொட்டும் வடக்குப் பகுதிகளில் குளிர் தொடங்கியதும் அதை மாட்டுவார்கள். சாதாரண பிளேடின் இரும்புச் சட்டத்தில் உள்ள மூட்டுகளுக்குள் பனி உறைந்து சட்டம் அசையாமல் போய்விடும். அதைத் தடுக்கத்தான் முழுச் சட்டத்தையும் ரப்பரால் போர்த்தியிருப்பார்கள். துடைக்கிற ரப்பரும் குளிரில் விறைக்காதபடி மெத்தென்று செய்யப்பட்டது. குளிர் முடிந்ததும் அங்கே உள்ளவர்கள் அதைக் கழற்றிவிடுவார்கள். உங்கள் வண்டி அநேகமாகக் குளிர்காலத்தில் கைமாறி, அப்படியே கப்பலேறி வந்திருக்கிறது. நம் வெயிலில் அந்த ரப்பர் இன்னும் குழைந்துவிடும். உறையின் பருமனால் வேகத்தில் காற்று அதைத் தூக்கும். கனம் என்பதால் மோட்டாருக்கும் பாரம். அதைக் கழற்றியது நல்ல வேலை.

ஆனால் அதைக் கடைக்குக் கொண்டுபோய், "இதே அளவில் கொடு" என்று கேட்டு வாங்கியிருந்தால், தவறு அங்கேதான் ஆரம்பித்திருக்கும். பனி பிளேடை வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் குட்டையாகப் போடுவது உண்டு. அதை அளந்து வாங்கினால் புதியதும் குட்டையாகத்தான் அமையும். பழைய பிளேடை அளப்பது பொதுவாக நல்ல வழிதான், ஆனால் அது வண்டியோடு வந்த சரியான பிளேடு என்று தெரிந்தால் மட்டும்.

சரி, பின்னே எப்படி அளவு தெரிந்துகொள்வது? பானெட்டைத் திறந்தால் எஞ்சின் அறையில் ஒரு தகடு இருக்கும். அதில் வண்டியின் மாடல் குறியீடு பொறித்திருப்பார்கள். ஃபிட்டில் ஜி.டி.1 என்றிருந்தால் முதல் தலைமுறை, ஜி.இ.6 என்றிருந்தால் அடுத்த தலைமுறை. இரண்டும் ஃபிட்தான், கண்ணாடி வேறு. "ஹோண்டா ஃபிட்" என்று மட்டும் சொல்லி வாங்காதீர்கள். குறியீட்டையும் வருடத்தையும் சொல்லி, கடையில் இருக்கும் ஜப்பான் கம்பெனி அட்டவணையில் பார்க்கச் சொல்லுங்கள். அட்டவணையில் மி.மீ. இருக்கும், டப்பாவில் பெரும்பாலும் இன்ச் இருக்கும். 350 மி.மீ. என்றால் 14 இன்ச், 400 என்றால் 16, 450 என்றால் 18, 500 என்றால் 20, 550 என்றால் 22, 600 என்றால் 24, 650 என்றால் 26. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பர்சில் வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை கிடைக்காவிட்டால் கண்ணாடியே சொல்லும். மழைக்குப் பிறகு தூசி ஒட்டிக் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் துடைத்த வட்டம் தெளிவாகத் தெரியும். மேலே ஏறி நிற்கும் நிலையில் வலப்பக்க பிளேடின் நுனிக்கும் தூணுக்கும் நடுவே ஓரிரு விரல் இடம் இருக்க வேண்டும். நான்கைந்து விரல் இடம் இருந்தால் பிளேடு குட்டை. நுனி தூணில் இடித்தால் நீளம். இரண்டு பிளேடும் கீழே படுத்திருக்கும்போதும், பாதி தூரத்திலும், ஒன்றையொன்று தொடக்கூடாது. "பெரிசாகப் போட்டால் நிறையத் துடைக்கும்" என்று சொல்பவர்கள் உண்டு. ஒரு இன்ச் கூடினால் பெரும்பாலான வண்டிகள் தாங்கும். அதற்கு மேல் போனால் வைப்பர் கையின், அதாவது பிளேடைத் தாங்குகிற கம்பியின், ஸ்பிரிங் தருகிற அழுத்தம் அதிக நீளத்துக்குப் பிரிந்து போய், நடுவில் துடைத்து ஓரத்தில் விட்டுவிடும். மழை வலுத்துப் பெய்கிற நேரத்தில் இரண்டு பிளேடும் மோதிப் பின்னிக்கொண்டு நின்றுபோனால் கேட்கவே வேண்டாம்.

இப்போது எந்த வகை என்பது. கடையில் மூன்று வகை தொங்கும். இரும்புச் சட்டம் வைத்த பழைய வகை ஒன்று. அதில் ஒரு பெரிய வில், அதன் கீழே சின்னச் சின்ன விற்கள், அவற்றின் நகங்கள் ரப்பரைப் பல இடத்தில் பிடித்திருக்கும். இரண்டாவது, சட்டமே இல்லாத தட்டை பிளேடு. உள்ளே வளைந்த எஃகுப் பட்டை ஓடும், அதுதான் ரப்பரைக் கண்ணாடியோடு அமுக்கும். மூன்றாவது, பழைய சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் மூடி போட்ட கலப்பு வகை.

தட்டை பிளேடு பார்க்க அழகு. மேலே உள்ள மடிப்பு காற்றை வாங்கிப் பிளேடைக் கீழே அமுக்குவதால், யாங்கோன்–மண்டலை எக்ஸ்பிரஸ் ரோட்டில் 100 கி.மீ. வேகத்தில் போகிறவருக்கு அது நன்றாக வேலை செய்யும். ஆனால் அதன் உள் எஃகின் வளைவும் உங்கள் கண்ணாடியின் வளைவும் ஒத்துப்போக வேண்டும். நன்றாக வளைந்த கண்ணாடியில் பொதுவான தட்டை பிளேடைப் போட்டால் இரண்டு நுனியும் தூக்கிக்கொண்டு நிற்கும். கடையிலேயே மாட்டிப் பாருங்கள். வைப்பர் கையைக் கண்ணாடியில் இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் குனிந்து, ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் எவ்வளவு விலையுள்ள பிளேடாக இருந்தாலும் உங்கள் வண்டிக்கு அது வேண்டாம். கீழே படுத்திருக்கும் இடத்தில் பார்த்தால் மட்டும் போதாது. நடுக்கண்ணாடியிலும், மேலே போய் நிற்கும் இடத்திலும் பாருங்கள்.

நீங்கள் ஓட்டுகிற பகோ–யாங்கோன் பாதையில் லாரியும் பஸ்ஸும் விடுகிற வேகத்துக்குக் கலப்பு வகையோ, நல்ல இரும்புச் சட்டமோ தாராளமாகப் போதும். என்னைக் கேட்டால் அதையே போடச் சொல்வேன். ஒரு முக்கியக் காரணம், ஜப்பான் வண்டிகளின் பிளேடில் ரப்பரை மட்டும் தனியாக மாற்ற முடியும். அங்கே பெட்ரோல் பங்கிலும் ஒர்க்‌ஷாப்பிலும் அப்படித்தான் செய்கிறார்கள். சட்டம் ஆடாமல், துருப் பிடிக்காமல் இருந்தால் முழு பிளேடு வாங்க வேண்டியதே இல்லை. ரப்பர் மட்டும் வாங்கும்போது நீளம் பார்த்தால் போதாது, அகலமும் பார்க்க வேண்டும். சட்டத்தின் நகத்துக்குள் போகும் பகுதி 6 மி.மீ. உள்ளதும் இருக்கிறது, 8 மி.மீ. உள்ளதும் இருக்கிறது. மாறிப்போனால் ஒன்று ஏறாது, இல்லையென்றால் ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவிக்கொண்டு போய்விடும்.

ரப்பர் மாற்றும்போது பலரும் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ரப்பரின் இரண்டு பக்கமும் மெல்லிய எஃகுப் பட்டை சொருகியிருக்கும். பழையதிலிருந்து அதை உருவிப் புதியதில் போட வேண்டும். தரையில் வைத்துப் பார்த்தால் பட்டை லேசாக வளைந்திருப்பது தெரியும். அந்த வளைவு கண்ணாடியை நோக்கிக் குனிந்திருக்க வேண்டும். தலைகீழாகச் சொருகினால் நுனிகள் கண்ணாடியை விட்டு எழும்பிவிடும், நீங்களோ புது ரப்பர் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவீர்கள். பட்டையில் சின்னதாக வெட்டு இருந்தால் அது ரப்பரில் உள்ள புடைப்பில் உட்கார வேண்டும். கடைசியில் ரப்பரின் ஒரு முனையில் இருக்கும் பள்ளத்தில் நகம் "டக்" என்று விழுந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். அது விழாவிட்டால் ரப்பர் நிலையாக நிற்காது.

சிலிகான் பற்றி. நல்ல சிலிகான் ரப்பர் வெயிலைத் தாங்குவதில் சாதாரண ரப்பரைவிடக் கெட்டி. துடைக்கத் துடைக்க மெல்லிய படலம் ஒன்றைக் கண்ணாடியில் பூசிக்கொண்டே போகும். அதனால் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். விலை கூட. ஆனால் அது சுத்தமான கண்ணாடியைக் கேட்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய கண்ணாடியில் அதைப் போட்டால் தடதடவென்று அதிரும். உங்கள் கண்ணாடியின் இப்போதைய நிலையில் சிலிகான் வாங்குவது பணத்தை வீணாக்குவது. கிராஃபைட் பூசிய சாதாரண ரப்பர், பெயருள்ள கம்பெனியுடையதாக இருந்தால், ஒரு மழைக்காலத்தை ஒழுங்காக ஓட்டிக் கொடுக்கும். கண்ணாடியைச் சரிசெய்த பிறகு, அடுத்த வருடம் ஆசை இருந்தால் சிலிகானுக்குப் போகலாம். கண்ணாடியில் நீர் விலக்கும் மருந்து பூசுகிற பழக்கம் இருந்தாலும் சிலிகான்தான் அதோடு ஒத்துப்போகும். சாதாரண ரப்பர் அதன் மேல் அடிக்கடி தத்தும்.

நல்ல ரப்பரா, போலியா என்று டப்பாவைப் பார்த்துத் தெரிந்துகொள்வது கஷ்டம், அச்சு அப்படியே இருக்கும். டப்பாவைப் பிரித்து ரப்பரின் உதட்டைப் பாருங்கள். கண்ணாடியைத் தொடும் அந்த ஓரம் கத்தியால் வெட்டிய மாதிரி நேராக, சதுரமாக இருக்க வேண்டும். மட்டமானதில் அந்த ஓரம் வழவழப்பாக உருண்டிருக்கும், இல்லையென்றால் பிசிறு நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் உதட்டை ஒரு பக்கம் மடித்து விடுங்கள். சட்டென்று நேராக வர வேண்டும். சோம்பலாக வந்தால், அல்லது மடித்த இடத்தில் மயிரிழை வெடிப்பு தெரிந்தால், அது நாள்பட்ட சரக்கு. கடையில் வெயில் படுகிற இடத்தில் தொங்கவிட்டிருப்பதை வாங்காதீர்கள், உள்ளே அலமாரியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

உதடு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், வைப்பர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் அது மறுபக்கம் சாய வேண்டும். போகும்போது ஒரு பக்கம் சாய்ந்து இழுபடும், வரும்போது மறுபக்கம். வெயிலில் மாதக்கணக்கில் ஒரே பக்கம் சாய்ந்து கிடந்த ரப்பர் அப்படியே இறுகிவிடும். அப்போது மேலே போகும்போது சுத்தமாகத் துடைக்கும், கீழே வரும்போது தடதடக்கும். ஒரு திசையில் மட்டும் சத்தம் என்றால் முதலில் ரப்பரைப் பாருங்கள். புது ரப்பரிலும் அதே சத்தம் என்றால் வைப்பர் கை முறுக்கியிருக்கிறது. கண்ணாடியின் நடுவில் நிற்கும்போது பிளேடு கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் படுத்திருக்கக்கூடாது. இதை ஒர்க்‌ஷாப்பில் இரண்டு ஸ்பானர் வைத்து மெல்லத் திருப்பிச் சரிசெய்துவிடுவார்கள். நீங்களாகக் கையால் வளைக்க வேண்டாம். மெல்லிய கோடு ஒன்றிரண்டு விழுந்தால் உதட்டில் மண் இருக்கிறது அல்லது கிழிந்திருக்கிறது. நடுவில் பட்டையாக ஒரு இடம் துடைபடாமல் போனால் சட்டம் வளைந்திருக்கிறது, அல்லது கையின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. வயதான வண்டியில் ஸ்பிரிங் தளர்வது சகஜம். பிளேடை மாற்றி மாற்றிப் பார்த்தும் தீராத குறையில் பாதி இதுதான். நீங்கள் புதிதாகப் போட்டதும் சரியில்லை என்று எழுதியிருப்பதால், அடுத்த பிளேடு வாங்கும் முன் கையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இரவில் மங்குவது வேறு விஷயம். அதற்கு எந்த வைப்பரும் மருந்தில்லை. முன்னால் போகிற பஸ்ஸின் டீசல் புகை, ரோட்டில் சிந்திய எண்ணெய், மழைத் தண்ணீரோடு தெறிக்கிற அழுக்கு, எல்லாம் சேர்ந்து கண்ணாடியில் ஒரு படலம் கட்டுகிறது. பகலில் அது தெரியாது. எதிரே விளக்கு அடித்ததும் வெளிச்சம் முழுக்க அதில் சிதறும். கண்ணாடியைக் கழுவிவிட்டு ஒரு கோப்பைத் தண்ணீரை மேலிருந்து ஊற்றுங்கள். ஒரே தாளாக வழிந்தால் கண்ணாடி சுத்தம். ஆங்காங்கே பிரிந்து திட்டுத் திட்டாக நின்றால் படலம் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பில் ஒரு தடவை கழுவி நன்றாக அலசுங்கள். அதற்கும் போகாவிட்டால் சீரியம் ஆக்ஸைடு கலந்த கண்ணாடி பாலிஷ் வாங்கி, ஈரத் துணியில் எடுத்து, சிறு சிறு வட்டமாகத் தேயுங்கள். பாலிஷ் கண்ணாடியில் ஒட்டாமல் விலகி ஓடுகிற இடத்தில் படலம் இன்னும் இருக்கிறது, சமமாகப் பரவும் வரை தேய்க்க வேண்டும். இடது பாதியையும் அதே அக்கறையோடு தேயுங்கள். உள் பக்கத்தையும் விடாதீர்கள். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக் ஆவி விட்டு உள்ளேயும் ஒரு புகைப்படலம் படிகிறது, சிகரெட் பிடிக்கிறவர் வண்டியில் இன்னும் மோசம்.

மழையில் உள்ளே ஆவி படிந்து மங்குவதும் உண்டு. அதற்கு ஏ.சி. போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்புங்கள், வெளிக்காற்று உள்ளே வரட்டும். ஏ.சி. ரொம்பக் குளிராக இருந்தால் வெளிப்பக்கம் ஆவி படியும். வைப்பர் ஒரு தடவை ஓடியதும் தெளிந்து மறுபடி மங்கினால் அதுதான், குளிரைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

எப்போது மாற்றுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். யாங்கோனில் வருடத்துக்குச் சுமார் 2700 மி.மீ. மழை. ஜூலையிலும் ஆகஸ்டிலும் மாதத்துக்கு 500 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. சென்னையில் வருடம் முழுக்கப் பெய்வதே 1400 மி.மீ. அளவுதான். இதையெல்லாம் தாங்க வேண்டிய ரப்பர், டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை பெரும்பாலும் ஒரு சொட்டு மழையும் இல்லாமல் வெயிலில் காய்ந்து கிடக்கிறது. ஜனவரியில் புது ரப்பர் போட்டால் மழை வரும்போது அது பழைய ரப்பர். ஏப்ரலில் திங்யான் புத்தாண்டு முடிந்து, மே மாதம் முதல் மழை இறங்கும் முன் மாற்றுங்கள். மறுபடி ஆகஸ்ட் கடைசியில் உதட்டைப் பாருங்கள். மழை அக்டோபர் வரை இருக்கிறது. மண்டலைப் பக்கம் இருப்பவர்களுக்கு மழை இவ்வளவு இல்லை, ஆனால் அங்கே வெயிலும் தூசியும் ரப்பரை இன்னும் சீக்கிரம் தின்றுவிடும், ஆகவே வருடத்துக்கு ஒன்று என்பது அவர்களுக்கும்தான். மோல்மீன் பக்கம் மழை யாங்கோனைவிட எவ்வளவோ அதிகம். அங்கே இருப்பவர்கள் பாதி மழைக்காலத்தில் இன்னொரு ஜோடி வாங்கத் தயாராக இருங்கள்.

சில பழக்கங்களையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். கோடையில் ரோட்டுத் தூசி படிந்த கண்ணாடியில் ஒரே ஒரு தடவை ஓட்டினாலும் மண் துகள் உதட்டையும் வெட்டும், கண்ணாடியையும் கீறும். முதலில் தண்ணீர் அடியுங்கள். வாஷர் தொட்டி காலியாக இருக்கிற வண்டிகளை நான் நிறையப் பார்க்கிறேன். அது முன் கண்ணாடியின் ஒரு பகுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பீச்சும் துளை அடைத்திருந்தால் ஊசியால் குத்திவிடலாம். துணிசோப்புத் தூளைத் தொட்டியில் போடாதீர்கள், அது நுரைத்துக் காய்ந்து கண்ணாடியில் வெள்ளைத் திட்டாக நிற்கும். ரப்பரை மண்ணெண்ணெயால் துடைத்தால் மெத்தென்று ஆகும் என்று சொல்வார்கள். ஆகும், ஆனால் ஊதிப்போய் உதடு உருமாறிவிடும். உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம், மேலே உள்ள பூச்சு போய்விடும். ஈரத் துணியால் உதட்டை இரண்டு பக்கமும் துடைத்தாலே கறுப்பாக அழுக்கு வரும். அதை வாரத்துக்கு ஒரு தடவை செய்தால் ரப்பர் கூடுதலாகச் சில மாதம் உழைக்கும்.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. கோயிலில் வண்டிக்குப் பூஜை போடும்போது விபூதியும் சந்தனமும் முன் கண்ணாடியில் பட்டையாக இட்டுவிடுகிறார்கள். மனதுக்கு நிறைவான விஷயம், எனக்கும் அப்படித்தான். ஆனால் சந்தனம் காய்ந்து இறுகிவிடும், விபூதி சாம்பல், வைப்பர் அதை இழுத்துக்கொண்டு ஓடினால் இரண்டும் உப்புக் காகிதமாக வேலை செய்யும். பானெட்டின் மேல் இடச் சொல்லுங்கள். கண்ணாடியில்தான் வேண்டும் என்றால் வைப்பர் எட்டாத மேல் ஓரத்தில் சின்னதாக ஒரு பொட்டு. பூச்சரத்தை வைப்பரில் சுற்றிவிடுவதும் வேண்டாம், நார் மூட்டில் சிக்கிக்கொள்ளும். அதேபோல் யாங்கோனில் தூங்குமூஞ்சி மரத்தடியில் நிழலுக்கு நிறுத்துகிறவர்கள், கண்ணாடிக்குக் கீழே வைப்பர் முளைக்கிற அந்தப் பள்ளத்தில் இலையும் குச்சியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் குப்பை தண்ணீர் வழியும் வழியை அடைத்துவிடும், குச்சி பிளேடோடு சேர்ந்து கண்ணாடி மேல் ஓடும்.

மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. ஜப்பான் வண்டிகளில் பெரும்பாலும் கையின் நுனி வளைந்த கொக்கியாகத்தான் இருக்கும். பிளேடின் நடுவில் உள்ள தாழ்ப்பாளை அமுக்கி, கீழ்நோக்கித் தள்ளினால் பழையது கழன்றுவிடும். புதியதை மேல்நோக்கி இழுத்தால் "கிளிக்" என்று விழும். விழுந்த பிறகு ஒரு தடவை பிடித்து இழுத்துப் பாருங்கள். ஐரோப்பிய வண்டிகளுக்கான கிளிப் வேறு வேறு, அதைப் பொருத்திப் பார்க்க டப்பாவில் நிறைய பிளாஸ்டிக் துண்டுகள் வரும். உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான். பிளேடு இல்லாத வெறும் கை ஸ்பிரிங்கால் படாரென்று கண்ணாடியில் விழுந்தால் கண்ணாடி வெடித்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் அப்படி வெடித்த கண்ணாடிக்குப் புதுக் கண்ணாடி தேடி அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பழைய மாடலுக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. கையைத் தூக்கிய உடனே நான்காக மடித்த துண்டு ஒன்றைக் கண்ணாடியில் விரித்துவிடுங்கள், பிறகுதான் பிளேடில் கை வையுங்கள்.

ஃபிட்டில் பின் கண்ணாடிக்கும் ஒரு வைப்பர் உண்டு. இருட்டில் சரக்கை வைத்துக்கொண்டு பின்னால் எடுக்கிறவர் நீங்கள், அதனால் அதையும் பாருங்கள். அதன் பிளேடும் பிடிப்பும் வேறு மாதிரி, முன்பக்க அளவு அதற்கு ஒத்துவராது.

புது ஜோடி போட்டதும், கழற்றியதில் ஓரளவு நல்லதாக இருக்கும் ஒரு பிளேடைத் துடைத்து, காகிதத்தில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள். அந்தப் பனி பிளேடை வேண்டாம், அதைத் தூக்கிப் போடுங்கள். நடு ரோட்டில் ராத்திரி மழையில் ஒரு பிளேடு கழன்று போனால் அதை மாட்டிக்கொண்டு மெல்ல ஓட்டி வீடு வந்து சேரலாம். எந்தப் பக்கத்துக்கும் போட வாய்ப்புள்ளது குட்டை பிளேடுதான். நீளமானது இடப்பக்கத்தில் இடிக்கும், குட்டையானது வலப்பக்கத்திலும் வேலை செய்யும்.